முட்டையின் மேல் விரித்த பாய்

சித்திரை பிறந்தால் யாழ் குடாநாட்டின் கடற்கரைகளுக்கு இரண்டு தரப்பினர் வந்து சேர்கிறார்கள். ஒரு தரப்பு நாங்கள்: பள்ளிக்கூட விடுமுறை விட்ட பிள்ளைகள், வாடகை வானில் ஏறிய குடும்பங்கள், பிறகு நல்லூர்த் திருவிழாவை ஒட்டி வரும் வெளிநாட்டு உறவுகள். மற்றத் தரப்பு, உள்ளங்கைக்குள் அடங்கிவிடக்கூடிய சில பறவைகள். பாய் விரிப்பதற்கு நாங்கள் தேடுகிற அதே காய்ந்த, திறந்த, அலை எட்டாத மணலில்தான் அவை முட்டையிடுகின்றன. கூடு கட்டுவதில்லை, மரமேறுவதில்லை. மணலில் ஒரு சின்னக் குழி, அவ்வளவுதான். அந்த மணலுக்காக இப்போது நடக்கிற போட்டியில் யார் வெல்கிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை. போட்டி நடப்பதே ஒரு தரப்புக்குத் தெரியாது என்பதுதான் இங்கே பேசவேண்டிய விஷயம்.

சுன்னாகத்தில் இருந்துகொண்டு கடற்பறவையைப் பற்றி எழுத உனக்கென்ன வந்தது என்று கேட்கலாம். எங்களூருக்குக் கடல் இல்லை. சந்தை உண்டு, நூலகம் உண்டு, மின்நிலையம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை என்றால் காரைநகர் கசூரினாவுக்கோ மாதகலுக்கோ கீரிமலைக்கோ புறப்படுகிற வாகனங்களும் உண்டு. இன்னொன்றும் எங்களிடம் உண்டு: கேடு கண்ணுக்குத் தெரியாமல் வரும் என்ற அனுபவம். கிணற்று நீரில் எண்ணெய் மிதக்கத் தொடங்கியபிறகுதான் நிலத்தின் கீழே நடந்தது எங்களுக்கு விளங்கியது. அது பற்றி மின்நிலையத்துக்கு எதிராக நடந்த வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தச் சொல்லித் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது, பல வருடம் பவுசரில் வந்த தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்களுக்கு அந்த வருடங்கள் திரும்பி வரவில்லை.

கடற்கரையில் நடப்பதும் அப்படியொரு சங்கதி. முட்டை நொறுங்குகிற சத்தம் செருப்புக் காலுக்குக் கேட்பதில்லை.

முறிந்த செட்டை

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சித்திரை விடுமுறை. கனடாவிலிருந்து வந்திருந்த சித்தி குடும்பத்தோடு ஒரு வான் பிடித்து, புத்தூர் தாண்டி, வல்லை வெளி தாண்டி, வடமராட்சி கிழக்குப் பக்கம் போனோம். மணற்காட்டுக்கு அப்பால் ஆளரவம் குறைந்த ஒரு கரை. பெண்கள் பாயை விரிக்க, பொடியன்கள் பந்தை எடுக்க, சித்தியின் மகள் கத்தினாள்: "அண்ணா, இஞ்ச பாருங்கோ, குருவிக்குச் செட்டை முறிஞ்சு போச்சு!"

காய்ந்த மண்ணின் நிறம், வெள்ளை வயிறு. ஒரு செட்டையை மணலில் இழுத்துக்கொண்டு விழுந்து எழும்பி ஓடியது அந்தக் குருவி. கிட்டப் போனால் இன்னும் நாலடி தள்ளி விழும். பிடித்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோவோம் என்று துவாயோடு நாலு பேர் துரத்தினோம். ஐம்பது அறுபது யார் தூரம் போனதும் அது எழும்பி, ஒரு குறையும் இல்லாமல் பறந்து போய்விட்டது. "ஏமாத்திப் போட்டுது" என்று சித்தப்பா சிரித்தார். நாங்களும் சிரித்தோம். திரும்பி வந்து, சோறு சாப்பிட்டு, பந்தடித்து, பொழுதுபடத்தான் வான் ஏறினோம்.

அது எங்களை எதிலிருந்து விலக்கி இழுத்துக்கொண்டு போனது என்று கன காலம் கழித்து ஒரு பறவைப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் விளங்கியது. தரையில் முட்டையிடும் பறவைகள் நரியையும் நாயையும் ஏமாற்றுவதற்கு ஆடுகிற நாடகம் அது. நரி ஏமாந்தால் பறவையின் பின்னால் போய், பிறகு தன்பாட்டில் வேறு பக்கம் போய்விடும். நாங்கள் நரி அல்ல. ஏமாந்தபிறகு திரும்பிவந்து அதே இடத்தில் பாயில் இருந்தோம். நாலு மணித்தியாலம்!

தமிழர் ஊர்களில் பாடப்படுகிற ஆக்காட்டிப் பாட்டு பலருக்குத் தெரிந்திருக்கும். எங்கே முட்டையிட்டாய் என்ற கேள்விக்கு, கடலோரத்தில் என்று பறவை பதில் சொல்லும். குஞ்சுக்கு இரை தேடப் போன தாய் கண்ணியில் அகப்பட்டு அழுகிற அழுகை அந்தப் பாட்டு. அதில் குற்றவாளி தெளிவாகத் தெரிகிறான்: கண்ணி வைத்தவன். எங்கள் கதையில் கண்ணி வைத்தவர் யாரும் இல்லை. சித்தியின் மகள் அந்தக் குருவிமேல் உண்மையாக இரக்கப்பட்டவள். இந்தப் பிரச்சினை மற்றச் சூழல் பிரச்சினைகளிலிருந்து வேறுபடுவது இந்த இடத்தில்தான். மணல் அள்ளுகிற டிப்பரை மறிக்கலாம். இரக்கப்படுகிறவரை என்ன சொல்லி மறிப்பது?

அனுமன் பெயரில் ஒரு குருவி

அன்று நாங்கள் துரத்தியது உப்புக்கொத்தி வகையைச் சேர்ந்த பறவை என்று இப்போது நினைக்கிறேன். இந்த வகையில் ஒன்றுக்கு அண்மையில் புதுப்பெயர் கிடைத்திருக்கிறது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் கரையோரம் ஆண்டு முழுவதும் தங்கி வாழும் சின்ன உப்புக்கொத்தியை, ஐரோப்பாவரை பரந்திருக்கும் கென்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு கிளை என்றே 1930கள் தொடக்கம் எழுதிவந்தார்கள். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து மரபணுவையும் உடலமைப்பையும் ஒப்பிட்டுப் பார்த்து, இது தனி இனம் என்று 2023 இல் 'ஐபிஸ்' ஆய்விதழில் நிறுவினார்கள். ஆதாம் பாலத்தை அண்டிய கடற்பரப்பில் வாழ்வதால் அனுமன் உப்புக்கொத்தி என்று பொதுப்பெயர் வைத்தார்கள். ஒரு கோழிமுட்டையின் எடை இருந்தால் அதிகம். அதற்கு மலையைத் தூக்கியவரின் பெயர்.

பெயர் வைத்ததில் வேடிக்கை இருந்தாலும் செய்தி பாரதூரமானது. உலகம் முழுக்கப் பரந்த ஓர் இனத்தின் சிறு கிளை அழிந்தால், மிச்சம் உண்டு என்று ஆறுதல் சொல்லலாம். தனி இனம் என்றால் அந்த ஆறுதல் இல்லை. அதற்கு உள்ள கரை எங்கள் கரையும் பாக்குநீரிணையின் அந்தப் பக்கக் கரையும்தான். குளிர்காலத்தில் வந்து வெயில் ஏறியதும் வடக்கே போய்விடும் விருந்தாளிகள் பல உண்டு. இது போகாது. முட்டையிடுவதும் இங்கேதான்.

அதன் உறவான கென்டிஷ் உப்புக்கொத்தியின் கதையையும் சொல்லவேண்டும். இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் கண்டெடுத்த பறவையை வைத்து வந்த ஆங்கிலப் பெயர் அது. இன்று கென்ட்டில் அது கூடமைப்பதில்லை. முட்டை சேகரிப்போரும், கரையோரம் எழுந்த விடுமுறைக் கட்டடங்களும், கால்நடமாட்டமும் சேர்ந்து இருபதாம் நூற்றாண்டிலேயே அதைப் பிரித்தானியக் கரையிலிருந்து விரட்டிவிட்டன. பெயரில் ஊர் இருக்கிறது, ஊரில் பறவை இல்லை.

உப்புக்கொத்தி தனியாக இல்லை. சின்ன ஆலாக்கள் கூட்டமாக மணல் திட்டுகளில் முட்டையிடுகின்றன. ஆதாம் பாலத்தின் மணல் தீடைகள் ஆலாக்களின் பேறுகால வாடி என்றே சொல்லலாம். உவர்நிலத்திலும் தரவையிலும் ஆக்காட்டி உண்டு. கடனீரேரி ஓரங்களில் நெடுங்கால் உள்ளான் உண்டு. எல்லாமே தரையை நம்பி வாழ்கிற சீவன்கள்.

கோழி சொல்லித்தந்த பாடம் இங்கே பிழை

மிதித்து நொறுக்குவதுதான் ஆபத்து என்று நினைப்போம். அது சின்ன ஆபத்து. பெரிய ஆபத்தை விளங்கிக்கொள்ள, அடைகாத்தல் என்றால் சூடு கொடுத்தல் என்று வீட்டுக் கோழியைப் பார்த்துப் படித்த பாடத்தை மறக்கவேண்டும்.

எங்கள் சித்திரை வைகாசி வெயிலில், நடுப்பகல் மணல் 50 பாகை செல்சியஸைத் தொடும். வெறுங்காலோடு நின்றவர்களுக்குத் தெரியும். முட்டைக்குள் இருக்கும் கரு 40 பாகையைக் கணிசமாகத் தாண்டிய சூட்டை நெடுநேரம் தாங்காது. ஆகவே உச்சிவெயிலில் உப்புக்கொத்தி முட்டைமேல் குந்துவது சூடு கொடுக்க அல்ல, நிழல் கொடுக்க. ஆணும் பெண்ணும் முறைமாறிக் குந்தும். சில வேளைகளில் ஓடிப்போய்த் தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, ஈர இறகை முட்டையில் ஒற்றும். பானையில் ஈரத்துணி சுற்றுகிற அதே கைவைத்தியம்.

இப்போது அந்த இடத்துக்கு இருபது முப்பது மீற்றர் தள்ளி ஒரு குடும்பம் வந்து இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கூட்டைக் காணவுமில்லை, மிதிக்கவுமில்லை. கதைத்துக்கொண்டு, கோழிப் புக்கை சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறார்கள். பறவை முட்டைக்குத் திரும்பாது. திரும்பினால் கூடு இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது அதன் கணக்கு. அரை மணித்தியாலம் அது தூரத்தில் நின்று பார்க்கும். ஒரு மணித்தியாலம் நிற்கும். முட்டை வேகும்.

யாரும் கல்லெறியவில்லை; யாரும் முட்டையைத் தொடவில்லை. மாலையில் அந்தக் குடும்பம் பொலித்தீன் பையைக்கூடப் பொறுக்கி எடுத்துக்கொண்டு நல்ல பிள்ளைகளாக வீட்டுக்குப் போகும்.

நாட்களின் கணக்கையும் பாருங்கள். இரண்டு அல்லது மூன்று முட்டை. பொரிக்க ஏறத்தாழ நாலு வாரம். நாலு வாரத்துக்குள் மூன்று நாலு ஞாயிற்றுக்கிழமை வந்தே தீரும். வெசாக் அல்லது பொசன் வந்தால் தெற்கிலிருந்து வரும் பஸ்களும் சேரும். பொரித்த குஞ்சு சில மணித்தியாலத்திலேயே எழும்பி ஓடித் தானாகவே இரை பொறுக்கும். ஆனால் பறப்பதற்கு இன்னும் ஒரு மாதம். பஞ்சு உருண்டை மாதிரி இருக்கும் அந்தக் குஞ்சு ஆபத்து வந்தால் ஓடாது. மணலோடு மணலாக ஒட்டிப் படுத்துவிடும். கண்ணுள்ள வேட்டைக்காரனிடமிருந்து தப்ப இது நல்ல உபாயம். மோட்டார் சைக்கிளின் சில்லிடமிருந்து தப்ப அல்ல. சில்லுத் தடத்தின் பள்ளத்துக்குள் குஞ்சுகள் பதுங்குவதும் உண்டு, அடுத்த வண்டி அதே தடத்தில்தான் வரும்.

நாங்கள் கூட்டிவருகிறவர்கள்

மனிதர் தனியாகக் கடற்கரைக்குப் போவதில்லை. பின்னால் காகமும் நாயும் வரும்.

மிச்சச் சோறும் கொத்துரொட்டிப் பொதியும் இறால் கோதும் மணலில் கிடந்தால், நேற்றுவரை அந்தப் பக்கம் வராத காகங்கள் இன்று வரும். வந்த காகத்துக்கு மதியச் சாப்பாடு முடிந்தபிறகு நடந்து திரிய நேரமிருக்கிறது. முட்டையைக் கண்டுபிடிப்பதில் அதைவிடக் கெட்டிக்காரர் கிடையாது. கட்டாக்காலி நாய்களைப் பற்றி யாழ்ப்பாணத்தில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒழுங்கையில் அவை எங்களைக் கடிப்பதைப் பற்றிப் பிரதேச சபைகளில் அடிக்கடி பேசுகிறோம். கரையில் இரவு முழுவதும் அவை செய்கிற வேலையை யாரும் பேசுவதில்லை.

வாகனங்கள் வேறு. வடமராட்சி கிழக்கில் கரைவலை இழுக்க உழவு இயந்திரம் பாவிப்பது பற்றித் தொழிலாளர்களுக்குள்ளேயே நெடுநாள் பிணக்கு இருக்கிறது. அதன் நியாய அநியாயத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் ஈர மணலில் ஓடுகிற உழவு இயந்திரம் ஒரு கூட்டையும் மிதிக்காது. மேலே காய்ந்த மணலில் நினைத்த பக்கமெல்லாம் ஓடுவதுதான் மிதிக்கும். இதைச் சொன்னால் கேட்கக்கூடியவர்கள் கரைவலைக்காரர்தான், விடுமுறைக்கு வந்து மணலில் வட்டமடித்துக் காணொளி எடுக்கிற பொடியன்களை விட.

படப்பிடிப்புக்காரர் ஒரு புது வரவு. மணற்காட்டு மணல்மேடுகளில் கலியாணப் படம் எடுப்பது இப்போது சடங்குகளில் ஒன்று. ட்ரோன் மேலே எழும்பினால் தரையில் இருக்கும் பறவைக்கு அது பருந்து. ஆலாக் கூட்டத்தின்மேல் ஒரு தடவை ட்ரோன் சுற்றினால் மொத்தக் கூட்டமும் எழும்பும். எழும்பிய நிமிடங்கள் காகத்தின் நிமிடங்கள். பறவை நேசர்களும் தப்பவில்லை. கூட்டில் இருக்கும் தாயின் நெருக்கப் படம் முகநூலில் ஆயிரம் விருப்பக்குறி வாங்கும், இடத்தின் பெயரோடு. அடுத்த கிழமை அங்கே பத்துக் கமெரா.

கடைசியாக, சொல்வதற்குச் சங்கடமான ஒன்று: கரை துப்புரவு. 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டம் 2025 இல் தொடங்கியது முதல் கரை துப்புரவு செய்வது அலுவலகங்களும் பாடசாலைகளும் ஆர்வத்தோடு செய்கிற வேலையாகிவிட்டது. நல்ல வேலை. 2025 மே மாதம் கேரளத்துக்கு அப்பால் மூழ்கிய எம்எஸ்சி எல்சா-3 கப்பலின் பிளாஸ்ரிக் மணிகள் மன்னார்க் கரையில் ஒதுங்கியபோது, பொறுக்கித்தான் ஆகவேண்டியிருந்தது. ஆனால் நூறு பிள்ளைகள் வரிசையாகக் காய்ந்த மணலில் நடப்பதும், உழவு இயந்திரத்தால் கரையை வாருவதும், ஆனி மாதத்தில் ஒரு கூட்டைக்கூட மிச்சம் வைக்காது. ஒதுங்கிக் கிடக்கும் சாதாளையைக் குப்பை என்று வாரி எடுப்பதும் பிழை. அதற்குள் இருக்கும் பூச்சிதான் குஞ்சின் சோறு.

காவல் என்ற சொல்லுக்கு இங்கே வேறு பொருள்

இதை வாசிக்கிற வடமராட்சிக் கடற்றொழிலாளர் ஒருவருக்கு இந்நேரம் ஒரு சந்தேகம் வந்திருக்கும். அடுத்ததாக என்ன, கரையைச் சரணாலயம் ஆக்கச் சொல்லப்போகிறானா?

அந்தச் சந்தேகம் நியாயமானது. சுண்டிக்குளம் 1938 இலிருந்தே பறவைகள் சரணாலயம். 2015 இல் தேசியப் பூங்காவானது. இந்த வரலாற்றில் பறவைகளுக்குக் கிடைத்தது என்னவோ, அயலில் வாழ்கிற மக்களுக்குக் கிடைத்தது எல்லைக்கல் பற்றிய ஓயாத பயம். 2025 மார்ச் 28 ஆம் திகதி வடக்கின் கரையோர மாவட்டங்களில் 5,940 ஏக்கர் காணி தொடர்பாக வெளியான வர்த்தமானி எழுப்பிய கொதிப்பும், அரசு அதை மீளப்பெறவேண்டி வந்ததும் எல்லாருக்கும் நினைவிருக்கும். இங்கே வர்த்தமானி என்றாலே காணி போகிறது என்று பொருள். பறவையின் பெயரால் ஒரு வர்த்தமானி வந்தால், அடுத்த நாள் முதல் அந்தப் பறவைக்கு ஊரில் ஒரு நண்பரும் இருக்கமாட்டார்.

இன்னொரு நினைவும் இருக்கிறது. எங்கள் கரை எங்களுக்கே மூடியிருந்தது. போரில் 1990 இல் இழந்த மயிலிட்டித் துறைமுகம் 2017 யூலையில்தான் திரும்பக் கிடைத்தது. ஒரு தலைமுறை கடலைப் பாராமல் வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போவது எங்களுக்கு வெறும் பொழுதுபோக்கு அல்ல. பிடுங்கப்பட்ட ஒன்றைத் திரும்பப் பெற்றதன் அடையாளம். அந்தச் சந்தோஷத்தின் குறுக்கே முட்கம்பி போடச் சொல்லி நான் எழுதமாட்டேன்.

சட்டத்துக்கும் குறைவில்லை. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், காகம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர்ந்த பறவைகளையும் அவற்றின் முட்டையையும் காக்கிறது. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கச் சட்டம் உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றர் உட்புறம்வரை கரையோர வலயம் என்கிறது. முட்டையைக் களவெடுத்தவனைத் தண்டிக்கலாம். தெரியாமல் பாய் விரித்த குடும்பத்தை எந்தச் சட்டத்தால் தண்டிப்பது, ஏன் தண்டிப்பது?

கயிறு

அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் மாநிலக் கடற்கரைகளில் 1986 அளவில் ஏறத்தாழ 140 இணை உப்புக்கொத்திகளே மிஞ்சியிருந்தன. இன்று அங்கே ஆயிரம் இணைகளுக்கு மேல் கூடமைக்கின்றன. கடற்கரைகளை அவர்கள் மூடவில்லை. இன்றும் கோடையில் சனம் நிரம்பி வழிகிற கரைகள்தான். செய்தது என்னவென்றால், கூடு இருக்கும் துண்டுகளைச் சுற்றிப் பருவத்துக்கு மட்டும் கயிறு கட்டினார்கள். நாய்களைக் கட்டச் சொன்னார்கள், வாகனங்களை மறித்தார்கள், கூட்டுக்குப் பக்கத்தில் ஆள் நிறுத்தினார்கள். நின்றவர்களின் முதல் வேலை வருகிறவர்களுக்குத் தூரநோக்கியில் குஞ்சைக் காட்டுவது. சிகாகோ நகரின் மொன்றோஸ் கடற்கரையில் 2019 இல் ஓர் இணை கூடமைத்தபோது ஒரு பெரிய இசை விழாவையே கைவிட்டார்கள். அவ்வளவு தூரம் போக நான் கேட்கவில்லை.

பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாடு அரசு 2025 யூனில் தனுஷ்கோடியில் ஏறத்தாழ 525 ஹெக்டேரைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. இந்தப் பக்கம் வங்காலைக்கு 2008 இலேயே சரணாலயத் தகுதியும் 2010 இல் ராம்சார் அங்கீகாரமும் கிடைத்தாயிற்று. அவை பெரிய இடங்கள். நான் சொல்ல வருவது, எந்த வரைபடத்திலும் இல்லாத நூறு யார், இருநூறு யார் துண்டுகளைப் பற்றி.

முதலில் எங்கே முட்டையிடுகின்றன என்று தெரியவேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறை மாணவர்கள் ஒரு பருவம், பங்குனி தொடக்கம் ஆடிவரை, கரையோரக் கடற்றொழிலாளர் சங்கங்களைச் சேர்ந்தவர்களோடு நடந்தால் போதும். விடியப்புறத்தில் வலை பார்க்கப் போகிறவருக்கு எந்த மேட்டில் எந்தக் குருவி எழும்பும் என்று ஏற்கனவே தெரியும். அவரிடம் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். கண்டுபிடித்த இடங்களை இணையத்தில் போடக்கூடாது.

பிறகு அந்தத் துண்டுகளைச் சுற்றிக் கயிறு. கட்டுகிறவர்கள் பிரதேச சபையும் அந்தந்த ஊர் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமும்தான், வனசீவராசிகள் திணைக்களம் அல்ல. திணைக்களம் ஆலோசனை சொல்லட்டும். வள்ளம் இறக்கும் துறையும் கரைவலைப் பாடும் வாடியும் கயிற்றுக்கு வெளியே இருக்கவேண்டும். ஆவணி நடுவில் கயிறு அவிழ்க்கப்படும் என்பதை அறிவிப்புப் பலகையிலேயே திகதியோடு எழுதவேண்டும். அவிழ்க்கிற திகதி எழுதப்பட்ட கயிற்றை எங்கள் சனம் நம்பும். திகதி இல்லாத வேலியை நம்பாது, நம்பவும் கூடாது.

வாகனம் நிறுத்துவதற்குப் பல கரைகளில் கட்டணம் வாங்குகிறார்கள். அந்தக் காசிலிருந்து ஊர் இளைஞர் ஒருவருக்கு ஐந்து மாதச் சம்பளம் கொடுக்கலாம். அவர் விசில் ஊதிக் கலைக்கிற காவற்காரர் அல்ல. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய்க் கயிற்றின் இந்தப் பக்கம் நின்று, "அந்தச் செட்டை முறியேல்ல, அது நடிக்குது" என்று சொல்லிக்கொடுக்கிறவர். அன்று எங்களுக்கு அப்படி ஒருவர் இருந்திருந்தால், சித்தியின் மகள் நாலு மணித்தியாலமும் அவர் பக்கத்திலேயே நின்றிருப்பாள். பந்து தனியாகக் கிடந்திருக்கும்.

கரை துப்புரவை மாசியில் ஒரு தடவையும் புரட்டாதியில் ஒரு தடவையும் பெரிதாகச் செய்யலாம். இடைப்பட்ட மாதங்களில் ஈர மணலோடு நின்று கையால் பொறுக்கினால் போதும். இயந்திரம் வேண்டாம், சாதாளை கிடக்கட்டும். குப்பைத் தொட்டிக்கு மூடி வேண்டும், காகம் திறக்க முடியாத மூடி. நாய்களுக்குக் கருத்தடை செய்யும் திட்டங்களில் கரையோர வட்டாரங்களை முன்னுக்கு எடுக்கவேண்டும். கடிபடுகிற பிள்ளைகளுக்கும் அது நல்லது. கலியாணப் படம் எடுக்கிற நிலையங்கள் பத்து இருபதைக் கூப்பிட்டு ஒரு பின்னேரம் கதைத்தால், எந்த மாதத்தில் எந்தப் பக்கம் ட்ரோன் எழுப்பக்கூடாது என்பது தீர்ந்துவிடும். அவர்கள் கெட்டவர்கள் அல்ல, நல்ல வெளிச்சம் தேடுகிறவர்கள்.

கடற்கரையை அழகுபடுத்தும் திட்டம் எதுவானாலும், கல் இருக்கையும் மின்கம்பமும் எங்கே என்று தீர்மானிக்கிறதற்கு முன்னர் ஒரு பருவக் கூட்டுக் கணக்கைக் கேட்டு வாங்கவேண்டும். 2025 செப்டெம்பரில் மண்டைதீவில் கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நட்டபோது ஈரநிலத்தைப் பற்றிய கேள்வி பிறகுதான் சூடுபிடித்தது. கேள்வி முன்னால் வந்தால் சண்டை குறையும்.

எங்கள் ஊருக்கும் வேலை இருக்கிறது. ஸ்கந்தவரோதயாவிலும் இராமநாதனிலும் படிக்கிற பிள்ளைகள் ஆண்டுதோறும் சுற்றுலா போகிறார்கள். போகிற கரையில் கயிறு கட்டுகிற நாளில் போகட்டும். கயிற்றைத் தென்னந்தும்பில் திரிக்கலாம். கட்டைக்குப் பூவரசங் கதியாலை வலிகாமத்து வேலிகளிலிருந்தே வெட்டிக்கொண்டு போகலாம். ஒன்றே ஒன்று கவனிக்கவேண்டும்: கட்டைகள் முழங்கால் உயரத்துக்கு மேல் வேண்டாம், தலையைக் கூராகச் சீவி விடவேண்டும். இல்லாவிட்டால் முதல் நாளே காகம் வந்து அதில் குந்தியிருந்து கூட்டைப் பார்க்கும்.